கல்யாண டிவிடிகளைத் தூக்கி எறியாதீர்கள்; முதலில் முழு நகல் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கிடக்கும் பழைய டிவிடிகளை எம்.பி.4 ஆக மாற்றிக்கொண்டு தகடுகளைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று சென்ற வாரம் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். இடத்தை அடைக்கிறதே என்ற அவருடைய சலிப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த யோசனையை அப்படியே செய்தால் திரும்பக் கிடைக்காத பதிவுகள் நம் கையாலேயே அழிந்துபோகும். டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் வீடுகளின் அலமாரிகளில் சினிமாப் படங்களோடு கலந்து கிடப்பவை கல்யாணம், காவடி, பதினாறாம் நாள் காரியம், மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோவில் திருவிழா, தெருக்கூத்து என்று நம்மவர்கள் எடுத்து வைத்த பதிவுகள். தமிழில் சரளமாகப் பேசிய பாட்டி தாத்தாக்களின் குரல் பல குடும்பங்களில் அந்தத் தகடுகளில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. ஆகவே எதை முதலில் நகலெடுப்பது, எப்படி எடுப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும்.

கடையில் வாங்கிய சினிமா டிவிடியையும் வீடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடியையும் திருப்பிப் பாருங்கள். கடை டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும். எழுதப்பட்டது ஊதா அல்லது நீலச் சாயலில் தெரியும். கடை டிவிடியில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே சிறு குழிகளாக அச்சில் வார்க்கப்பட்டு, மேலே அலுமினியம் பூசப்பட்டது. எழுதப்பட்டதில் இருப்பது சாயம். லேசர் சுட்ட இடத்தில் நிறம் மாறியிருப்பதுதான் பதிவு. வெயில், வெப்பம், ஈரம் எது பட்டாலும் சாயம் வெளுக்கும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கையேடு, தகடுகளை 4 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. டர்பனில் கோடை மாதங்களில் அந்த இரண்டுமே சாதாரண வீட்டில் நடக்காத காரியம். தகரக் கூரைக்குக் கீழேயும் கராஜிலும் வைத்த தகடுகளின் நிலையைக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வரிசை இதுதான்: வீடியோக்காரர் கொடுத்தவை முதலில். அவற்றிலும் பெயர் தெரியாத மலிவுத் தகடுகள், காகித ஸ்டிக்கர் ஒட்டியவை, ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்டவை எல்லாவற்றுக்கும் முன்னே. சினிமாப் படங்கள் காத்திருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை நகலெடுக்க விடாத பூட்டுப் போட்டு வருபவை. அதோடு நம் தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் சொந்த உபயோகத்துக்கென்று 12-ஆவது பிரிவு தரும் விலக்கு, திரைப்படத்துக்கு நீட்டப்படவில்லை. குடும்பப் பதிவுகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. பணம் கொடுத்து ஒருவரை எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே உரியது என்று அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. வீடியோக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஆனால் அவரிடம் மூல டேப் இன்னும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. இருந்தால் டிவிடியைவிட அதுவே தரமானது.

டிரைவில் போடுமுன் தகட்டைச் சுத்தம் செய்யுங்கள். மென்மையான துணி, காய்ச்சி வடித்த தண்ணீர், அழுக்கு அதிகமாக இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி. நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாகத்தான் கெடுக்கும், தகட்டில் உள்ள பிழைதிருத்தம் அதைச் சமாளித்துவிடும். சுற்றோடு ஓடும் கீறல் ஒரே இடத்தில் நீளமாகக் கெடுக்கும், அதைத் திருத்த முடியாது. தின்னர், அசிட்டோன், பற்பசை கிட்டவே வரக்கூடாது. மணமக்கள் படம் அச்சடித்த மேல்பக்கத்தை நனைத்தால் மை கரைந்து ஓடும். ஸ்டிக்கரை உரிக்கவே உரிக்காதீர்கள். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தட்டுகளை நடுவில் பசை வைத்து ஒட்டியது. ஸ்டிக்கரோடு மேல்தட்டும் பிரிந்து வந்தால் கதை முடிந்தது. கீறலைப் பாலிஷ் செய்து சரிசெய்யலாம், வெளுத்த சாயத்துக்கு வைத்தியம் கிடையாது.

டிரைவ் விஷயத்தில் ஒன்று. யுஎஸ்பியில் செருகும் மெலிந்த டிரைவ்கள் கணினியிலிருந்தே மின்சாரம் எடுப்பவை. ஒரே செருகுவாயைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வழியாகச் செருகினால் போதிய மின்சாரம் கிடைக்காமல் பாதியில் நின்றுவிடும், பழி தகட்டின்மேல் விழும். நேராகக் கணினியில் செருகுங்கள். பழைய மேசைக் கணினியின் பெரிய டிரைவ் கைவசம் இருந்தால் அதுதான் நல்லது. ஒரு டிரைவ் படிக்க மறுத்த தகட்டை இன்னொன்று தடங்கலில்லாமல் படிப்பது அடிக்கடி நடப்பது.

இப்போது முக்கியமான விஷயம். தகட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுப்பதுதான் எல்லோரும் செய்வது. நல்ல தகட்டில் அது சரிப்படும். கெட்டுப்போன தகட்டில் அதுவே பெரிய நஷ்டம். டிவிடியில் படம் ஒரு ஜிபிக்கு மிகாத வி.ஓ.பி. கோப்புகளாகத் துண்டு போட்டு வைக்கப்பட்டிருக்கும். இரண்டு மணி நேரப் பதிவில் ஒரு துண்டு ஏறக்குறைய 25 நிமிடம். அதில் ஓர் இடம் படிக்க முடியாவிட்டாலும் விண்டோஸ் பிழைச் செய்தி காட்டி நிறுத்திவிடும், 25 நிமிடமும் போச்சு. உண்மையில் கெட்டது எவ்வளவு? தகட்டில் தகவல் செக்டர் எனும் சிறு துண்டுகளாக இருக்கும், ஒரு செக்டர் 2048 பைட். 16 செக்டர் சேர்ந்தது ஒரு பிழைதிருத்தத் தொகுதி, அதாவது 32 கேபி. அப்படி ஒரு தொகுதி போனால் படத்தில் அரை விநாடி, ஒரு விநாடி கட்டம் கட்டமாக உடைந்து தெரியும், அவ்வளவுதான். தாலி கட்டும் காட்சியில் அரை விநாடி உடைவதற்கும் முழுக் கல்யாணமும் காணாமல் போவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அதனால் தகடு முழுவதையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை ஒரே ஐ.எஸ்.ஓ. கோப்பாக எடுக்க வேண்டும். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற மென்பொருள் இதற்குப் போதும். நிறுவும்போது கூடவே வரும் தேவையில்லாத மென்பொருள்களுக்குச் சம்மதம் தராமல் இருங்கள். படிக்கும் வேகத்தை 4x என்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டால் நல்ல தகடு ஒன்று கால் மணி நேரத்தில் முடியும்.

அடம்பிடிக்கும் தகடுகளுக்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். விண்டோஸைப் போன்ற இன்னோர் இயங்குதளமான உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் உள்ள விண்டோஸைத் தொடாமலே அதிலிருந்து இயக்கி இதைப் பயன்படுத்தலாம். செக்டர் அளவு 2048 என்று குறிப்பிட மறக்கக் கூடாது. சொல்லாவிட்டால் 512 என்று எடுத்துக்கொள்ளும். முதல் சுற்றில் கெட்ட இடங்களில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகும்படி விட வேண்டும். படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் வாரிக்கொள்வதுதான் நோக்கம். இரண்டாம் சுற்றில் விடுபட்ட இடங்களை மட்டும் மூன்று தடவை முயலச் சொல்லலாம். எது வந்தது, எது வரவில்லை என்பதை இது ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பு கையில் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், மறுநாள் தொடரலாம், வேறு டிரைவில் தொடரலாம். இரவு முழுவதும் ஓடினாலும் ஓடட்டும்.

இந்த வரைபடக் கோப்பினால் இன்னொரு பெரிய உபகாரம் உண்டு. வீடியோக்காரர்கள் வழக்கமாகப் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று ஒரே மூலத்திலிருந்து எழுதிக் கொடுத்திருப்பார்கள். இரண்டுமே கெட்டிருக்கலாம், ஆனால் இரண்டும் அச்சாக ஒரே இடங்களில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. முதல் தகட்டை எடுத்த பிறகு அதே ஐ.எஸ்.ஓ., அதே வரைபடக் கோப்போடு சம்பந்தி வீட்டுத் தகட்டைப் போட்டு ஓட்டினால், விடுபட்ட ஓட்டைகளை மட்டும் அதிலிருந்து நிரப்பிக்கொள்ளும். ஒரு நிபந்தனை: இரண்டிலும் மொத்த செக்டர் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். தனித்தனியாகத் தொகுத்து எழுதியவை என்றால் கலந்து குழம்பிவிடும். எதற்கும் முதல் ஐ.எஸ்.ஓ.வுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். உறவுகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் சிதறியிருக்கிற நமக்கு, இரண்டாவது பிரதி யார் வீட்டிலோ நிச்சயம் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

கடைசிப் பகுதி மட்டும் திணறினால் விளிம்பைப் பாருங்கள். ஓர் அடுக்குத் தகட்டில் பதிவு நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கம் நோக்கிப் போகும். ஈரம் நுழைவதும் பசை விடுவதும் கைரேகை படிவதும் விளிம்பில்தான். அதனால் பெண்ணை வழியனுப்பும் காட்சி முகூர்த்தத்துக்கு முன்பே கெடும். முதல் ஐந்து நிமிடம் ஓடிவிட்டது, தகடு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

வீட்டு ரெக்கார்டரிலோ சிறு 8 சென்டிமீட்டர் தகடு போடும் கேமராவிலோ எழுதியவை கணினியில் வெறும் தகடாகத் தெரிந்தால், ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்றக் கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காமல், விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விண்டோஸ் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதிய அதே கருவி இருந்தால் அதில் ஃபைனலைஸ் செய்யலாம், இல்லாவிட்டால் ஐஸோபஸ்டர் என்ற மென்பொருள் பெரும்பாலும் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். சிறு தகடுகளை உறிஞ்சி இழுக்கும் வகை டிரைவில் போடாதீர்கள், உள்ளே மாட்டிக்கொள்ளும்.

சேமிக்கும் இடத்தில் பலரும் இடறுவது ஒன்றுதான். பென் டிரைவ்கள் பல ஃபேட்32 முறையில் வருகின்றன. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறாது. நிறைந்த டிவிடி ஒன்று 4.7 ஜிபி, ஆகவே இடம் காலியாக இருந்தும் கோப்பு பெரிது என்று மறுக்கும். எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டெராபைட்டில் 200 தகடுகள் தாராளமாக அடங்கும். பென் டிரைவை நிரந்தர இருப்பிடமாக நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஐ.எஸ்.ஓ.வுக்கும் எஸ்.எச்.ஏ.256 என்ற சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிட்டு ஒரு சிறு கோப்பில் எழுதி வையுங்கள்; விண்டோஸோடு வரும் செர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளை இதைச் செய்யும். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு அதே 64 எழுத்துகள் வந்தால்தான் நகல் சரியானது.

லோட் ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்தடை அனுபவம் உள்ள நாட்டில் இதை மேசைக் கணினியில் செய்வதைவிட பேட்டரி நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பில் செய்வது பத்திரம். லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் என்றால் வெளிச்சம் போனாலும் எழுதுவது நிற்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அந்தக் கோப்பு மட்டுமல்லாமல் ஹார்ட் டிஸ்க்கின் அட்டவணையே குலையலாம். ஒரு பிரதி கட்டாயம் வேறு ஊரில் இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாஸுலு-நடாலில் வீடுகளே அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தவர்கள் நாம். அலமாரியில் ஒன்றும் அதே வீட்டின் மேசையில் ஒன்றும் வைத்துக்கொண்டு இரண்டு பிரதி இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு எம்.பி.4 ஆக மாற்றுங்கள், ஐ.எஸ்.ஓ.விலிருந்து. ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் தர எண்ணை 18 முதல் 20 வரை வைத்தால் போதும். நம் நாட்டு டிவிடிகள் 720-க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் பெரும்பாலும் இரண்டு பாதிகளாகப் பின்னி வைக்கப்பட்டது. பின்னலைப் பிரிக்காமல் மாற்றினால், சுழன்றாடும் காவடியின் மயிற்பீலி ஓரங்களில் சீப்புப் பற்கள் மாதிரி கோடுகள் வரும். டீஇன்டர்லேஸை முடுக்கி விநாடிக்கு 50 படமாக எடுத்தால் ஆட்டம் வழுவழுப்பாக இருக்கும். ஒலியை மறுபடி சுருக்காமல் உள்ளபடியே விடுங்கள். இந்தக் கோப்பு கைபேசியில் அனுப்பிப் பார்ப்பதற்கு மட்டும். ஒருமுறை சுருக்கியதில் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது, ஐ.எஸ்.ஓ. இருந்தால் நாளைக்கு இன்னும் நல்ல முறை வரும்போது மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

நகலெடுத்த தகடுகளையும் வீசாதீர்கள். முழுவதும் வராத தகடு வேறொரு டிரைவில் இன்னும் கொஞ்சம் தரலாம். கெட்டி உறையில் நிமிர்த்தி வைத்து, வருடம், ஊர், யார் வீட்டுக் காரியம் என்பதைத் தகட்டின் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் தண்ணீர் மை பேனாவால் எழுதுங்கள். அதே விவரத்தைக் கோப்பின் பெயரிலும் இடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கோவில் கமிட்டிகளுக்கும் இதே வேண்டுகோள்: அலுவலக அலமாரியில் உள்ள திருவிழாத் தகடுகளை இந்த வருடக் கோடை வருமுன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இங்ஙனம்,
டர்பன் வாசகர்