இத்தாலிப் பயணத்தில் தேவாலயங்களைக் குறைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான இத்தாலிப் பயணக் கட்டுரையைப் படித்தேன். முதன்முறையாக அந்நாட்டுக்குச் செல்லும் தம்பதியருக்கு உதவக்கூடிய விசா, ரயில், தங்குமிடக் குறிப்புகள் அதில் நிறையவே இருந்தன; அவற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தேவாலயங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும் என்றும், ரோமில் புனித பேதுரு பேராலயத்தையும் ஃபிளாரன்ஸில் தலைமைப் பேராலயத்தையும் பார்த்துவிட்டு எஞ்சிய நேரத்தை அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்கிவிடலாம் என்றும் கட்டுரையாளர் கூறும் யோசனையை, நானும் என் மனைவியும் அண்மையில் ரோம், ஃபிளாரன்ஸ், பதுவா, வெனிஸ் ஆகிய நகரங்களுக்குச் சென்றுவந்த அனுபவத்தைக் கொண்டு மறுக்க விரும்புகிறேன்.

அந்நாட்டின் பழைய ஓவியங்களில் பல, எங்கு வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்று தீட்டப்பட்டவை அல்ல. குறிப்பிட்ட ஒரு தேவாலயத்தின் சுவரையோ பீடத்தையோ மனத்தில் கொண்டு தீட்டப்பட்டவை. ரோமின் நவோனா சதுக்கத்துக்கு அருகிலுள்ள சான் லூயிஜி தேவாலயத்தில், இடப்புறத்துச் சிற்றாலயம் ஒன்றில், புனித மத்தேயுவைப் பற்றிய காரவாஜியோவின் மூன்று ஓவியங்கள் உள்ளன. வரிதண்டும் மேசையருகே அமர்ந்திருக்கும் மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சியில் ஒளி வலப்பக்கத்திலிருந்து சாய்ந்து விழுகிறது. அந்தச் சிற்றாலயப் பீடத்தின் மேலுள்ள சாளரமும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. 1600-ஆம் ஆண்டையொட்டி இதைத் தீட்டியவர் இடத்தின் வெளிச்சத்தைக் கணக்கில் கொண்டுதான் தூரிகையைத் தொட்டிருக்கிறார் என்பது அங்கே நின்று பார்க்கும்போது விளங்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. இருட்டாக இருந்தால் பெட்டியில் நாணயம் போட வேண்டும், சில நிமிடங்கள் விளக்கு எரியும். யாராவது ஒருவர் போடட்டும் என்று பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும் அங்கே வழக்கம்தான்.

அதே ஓவியர் ரோமின் சாந்தா மரியா தெல் போபோலோ தேவாலயத்துக்காகத் தீட்டிய பவுலின் மனமாற்றக் காட்சியை முன்பு ஒரு நூலில் பார்த்தபோது, குதிரையே படம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று என் மனைவி குறைபட்டதுண்டு. அந்த ஓவியம் இருப்பது குறுகலான சிற்றாலயம் ஒன்றின் பக்கச்சுவரில். அதை நேரெதிரே நின்று பார்க்க இயலாது, முன்புறத்திலிருந்து சாய்வாகத்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கையில் குதிரை பின்னுக்குப் போய்விடுகிறது. தரையில் விழுந்து கிடக்கும் பவுலின் விரிந்த கைகளே முதலில் கண்ணில் படுகின்றன. சான் லூயிஜியிலிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே உள்ள சான்தகோஸ்தீனோ தேவாலயத்திலிருக்கும் காரவாஜியோவின் இன்னோர் ஓவியத்தில், குழந்தையுடன் வாசற்படியில் நிற்கும் மாதாவின் முன் மண்டியிட்டிருக்கும் யாத்ரீகரின் அழுக்குப் பாதங்களைக் காணலாம். பீடத்தின் முன் மண்டியிடுபவருக்கு அந்தப் பாதங்கள் முகத்துக்கு நேராகவே தெரியும். அருங்காட்சியகச் சுவரில் அவை வெறும் திறமையான தீட்டல். இங்கே தமக்கு முன்னால் வந்து மண்டியிட்ட இன்னொருவரின் பாதங்கள். இந்த வேறுபாட்டை எனக்குச் சுட்டிக்காட்டியவர் என் மனைவிதான்.

வெனிஸ் நகரத்து ஃப்ராரி தேவாலயத்தின் தலைமைப் பீடத்தில் 1518-இல் நிறுவப்பட்ட, ஏறத்தாழ 7 மீட்டர் உயரமுள்ள டிஷியனின் மாதா விண்ணேற்பு ஓவியம் என் வாதத்துக்குத் தக்க சான்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எடுத்துக்கொண்டுபோய் அகாடமியா கலைக்கூடத்தில் வைத்திருந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்த பின்னரே அது தன் பீடத்துக்குத் திரும்பியது. வாயிலில் நுழைந்ததுமே, நடுவிலுள்ள பாடகர் மண்டபத்தின் வளைவுக்குள் ஓவியத்திலுள்ள மாதாவின் செந்நிற ஆடை அளவெடுத்துப் பொருத்தியதுபோல் தெரிவதைப் பார்த்தவர்கள், அதை வேறு இடத்தில் வைத்தது எவ்வளவு பொருத்தமற்ற செயல் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

பதுவா நகரமோ அந்தக் கட்டுரையில் இடம்பெறவேயில்லை. வட்டித்தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய குடும்பத்தைச் சேர்ந்த என்ரிகோ ஸ்க்ரோவேஞ்ஞி எழுப்பிய சிற்றாலயத்தை, 1305-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜோட்டோ உட்புறம் முழுவதும் சுவரோவியங்களால் நிரப்பினார். வாயிற்சுவரிலுள்ள இறுதித் தீர்ப்புக் காட்சியில் என்ரிகோ தாம் கட்டிய ஆலயத்தைக் காணிக்கையாக அளிக்கிறார். அதே சுவரின் நரகப் பகுதியில் வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பைகளின் கயிற்றிலேயே தொங்குகிறார்கள். கட்டியவர் செலவிலேயே இதைத் தீட்டிய துணிவை என்னென்பது! முன்பதிவு கட்டாயம், காற்றின் ஈரத்தைச் சீராக்கும் அறையில் சிறிது நேரம் அமர்த்திய பின்னரே சிறு குழுக்களாக உள்ளே விடுகிறார்கள்.

அருங்காட்சியகங்கள் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. ஃபிளாரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் சிமாபூவே, துச்சோ, ஜோட்டோ ஆகிய மூவரும் தீட்டிய, அரியணையில் அமர்ந்த மாதாவின் மாபெரும் பீட ஓவியங்கள் ஒரே அறையில் இருக்கின்றன. மூன்றும் அந்நகரின் வெவ்வேறு தேவாலயங்களிலிருந்து வந்தவை. சில பத்தாண்டுகளுக்குள் ஓவியக்கலை அடைந்த மாற்றத்தை அங்கே கண்ணால் ஒப்பிட முடிகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை ஒரு காலத்தில் எங்கே இருந்தன என்று தெரிந்துகொள்ள, அதே ஊரின் சாந்தா மரியா நொவெல்லாவுக்குள் ஒருமுறையேனும் நுழைந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் சில தொல்லைகள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மூர்க் கோயில்களில் நண்பகலில் நடை சாத்துவதுபோல அங்கும் பல தேவாலயங்களை மதியம் மூடிவிட்டு மாலையில்தான் திறக்கிறார்கள். திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க அனுமதிப்பதில்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். ஃப்ராரி, சாந்தா மரியா நொவெல்லா போன்ற இடங்களில் கட்டணமும் உண்டு. ஆனால் மேலே குறிப்பிட்ட ரோமின் மூன்று தேவாலயங்களையும் கட்டணமின்றி ஒரே முற்பகலில் நடந்தே பார்த்துவிடலாம். தங்கள் இதழில் அடுத்து வரும் இத்தாலிக் கட்டுரையில், அவற்றின் திறப்பு நேரங்களுடன் ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது இடம்பெற வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.