ஓக் மரப் பாதுகாப்புக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் எல் டொராடோ ஹில்ஸ், ஃபால்சம் வட்டாரத் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் நம் குழுவின் இந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதி கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், கட்டுமானத் திட்டங்களைப் பரிசீலிக்கும் திட்டக்குழுக் கூட்டங்களிலும், அதற்கான கோப்புகளைப் படிப்பதிலும் போனது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கன்று நட்டால் கண்ணுக்குத் தெரிகிற வேலையாக இருக்குமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கலிபோர்னியாவின் ஓக் காடுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் தனியார் நிலத்தில் இருக்கின்றன. மாடு மேய்ப்பவர், வீடு கட்டுபவர், கவுண்டி, மாநிலம் எல்லோரும் ஒத்துவந்தால்தான் அவற்றைக் காப்பாற்ற முடியும். 2001-இல் மாநிலம் கொண்டுவந்த ஓக் காடுகள் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் வழி செய்தது. கவுண்டி ஓர் ஓக் மேலாண்மைத் திட்டத்தை ஏற்றுக்கொண்டால், அங்குள்ள நில உரிமையாளர் ‘இந்த நிலத்தை மனை போடமாட்டேன்’ என்று எழுதிக்கொடுத்து, மாநில வனவிலங்குப் பாதுகாப்பு வாரியத்தின் நிதியிலிருந்து அதற்கு ஈடான தொகையைக் கேட்கலாம். நிலம் அவரிடமே இருக்கும், மாடும் மேயும்.

2005 முதல் நடைமுறையில் உள்ள இன்னொரு சட்டம், கவுண்டி அனுமதிக்கும் கட்டுமானத்தால் ஓக் காட்டுக்குக் கணிசமான பாதிப்பு வந்தால் ஈடுசெய்ய வைக்கிறது. கன்று நட்டு ஈடுகட்டுவது மொத்த ஈட்டில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நட்டதை ஏழு ஆண்டு பராமரிக்க வேண்டும். வணிக விவசாயத்துக்காக அழிக்கப்படும் காட்டுக்கு இதில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

ஏன் பாதிதான்? நம் குன்றுகளில் உள்ள புளூ ஓக் என்ற ஓக் வகை அவ்வளவு மெதுவாக வளரும். இலையுதிர் காலத்தில் கொட்டைகளை மரத்திலிருந்தே பறித்து, தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிட்டு, முதல் மழைக்குப் பிறகு படுக்கைவாட்டில் ஊன்றுகிறோம். சுற்றிலும் புல்லைச் சுத்தமாக எடுக்காவிட்டால், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த அந்த ஓராண்டுப் புல் வசந்தத்திலேயே ஈரத்தை உறிஞ்சிவிடும். மிச்சத்தை எலியும் மானும் வெட்டுக்கிளியும் தின்னும். இத்தனையும் தாண்டியது பத்து ஆண்டில் இடுப்பளவு வந்தால் பெரிது. இருநூறு வயது மரத்தை வெட்டிவிட்டு இதைக் கணக்கில் காட்டினால், மரங்கொத்தியும் ஆந்தையும் அதுவரை எங்கே போகும்? நடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நிற்பதை நிற்க விடுவதுதான் முதல் வேலை.

எல் டொராடோ கவுண்டியின் கதையே இதற்குச் சாட்சி. 2008-இல் ஏற்ற ஓக் திட்டத்தின் கட்டண முறைக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கவில்லை என்று 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுண்டிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. புதிய திட்டம் 2017-இல்தான் வந்தது. அதில் ஒரு நல்ல அம்சம்: இடத்திலுள்ள ஓக் காட்டில் பாதி வரை அழித்தால் ஏக்கருக்கு ஏக்கர் ஈடு, முக்கால் பங்குக்கு மேல் அழித்தால் ஏக்கருக்கு இரண்டு ஏக்கர். கூட வெட்ட வெட்டச் செலவு கூடும்.

இதை வைத்துத்தான் ஒரு மனைப்பிரிவுத் திட்டத்துக்கு எழுத்துமூலம் கருத்து அனுப்பினோம். மரக் கணக்கெடுப்பு வரைபடத்தோடு நம் உறுப்பினர்கள் நேரில் நடந்து பார்த்தபோது, உள்சாலை சரியாக மூத்த மரங்களின் நடுவே போவது தெரிந்தது. கூட்டத்தில் பொறியாளர் ஒருவர் சாலையைச் சரிவின் கீழ்ப்பக்கம் நகர்த்தலாம் என்று வரைந்தே காட்டினார். கட்டுநரின் ஆட்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். திருத்திய வரைபடத்தில் சாலை நகர்ந்திருக்கிறது. மனை எல்லைகள் இன்னும் முடிவாகவில்லை. வரைபடம் உறுதியாகும் முன்னால் போனதால்தான் இது நடந்தது. அனுமதி கிடைத்த பிறகு போய் நின்று பயனில்லை.

ஃபால்சம் உறுப்பினர்களுக்கு ஒரு விளக்கம்: 2005 சட்டம் கவுண்டிகளைத்தான் கட்டுப்படுத்தும். உங்களுக்கு நகரத்தின் மரப் பாதுகாப்பு விதிகளே பொருந்தும். மனு நகர மன்றத்துக்குப் போக வேண்டும்.

இலையுதிர் காலத்தில் அமடோர் கவுண்டியின் சாவ்சே மாநிலப் பூங்காவுக்குக் குடும்பங்களாகப் போய்வந்தோம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான மீவோக் மக்கள் ஓக் கொட்டை இடித்த 1,185 குழிகள் ஒரே பாறைப்பரப்பில் உள்ளன. நம் ஊர் உரல்குழி மாதிரியே இருக்கிறது என்று பாட்டி ஒருவர் பிள்ளைகளுக்குக் காட்டினார். இடித்த மாவில் தண்ணீர் ஊற்றி ஊற்றித் துவர்ப்பைப் போக்கிய பிறகே சமைப்பார்கள் என்பதையும் அங்கே தெரிந்துகொண்டோம்.

அப்புறம், வீட்டுத் தோட்டம். ஓக் மரத்தடியில் கறிவேப்பிலையும் மல்லிகையும் வைத்துக் கோடையில் தினம் தண்ணீர் விடுகிறோம். அந்த ஈரத்தில் வேரழுகல் பூஞ்சை பிடித்து மரமே போய்விடும். தொட்டிகளைத் தள்ளி வையுங்கள். வறட்சியில் புளூ ஓக் முன்கூட்டியே இலை உதிர்ப்பது இயல்புதான், பதற வேண்டாம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு முன்மொழிகிறது. திட்டக்குழுவின் நிகழ்ச்சிநிரலை மாதந்தோறும் படிக்க மூவர் கொண்ட துணைக்குழு அமைப்பது ஒன்று. பண்ணை நிலம் வைத்திருக்கும் அண்டை வீட்டாரை அழைத்து, நிலப் பாதுகாப்பு ஒப்பந்தம் பற்றிக் கவுண்டி அலுவலரோடு பேசவைப்பது மற்றொன்று. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

நன்றி.
செயலாளர்