டிசம்பரில் மீன் கடிக்குமா?

தம்பிக்கு,

டிசம்பர் லீவுக்கு சிங்கப்பூர் வந்ததும் தாத்தாவோடு மீன் பிடிக்கணும் என்று சின்னவன் ஒற்றைக்காலில் நிற்கிறானாமே. டிசம்பரில் மீன் கடிக்குமா என்று கேட்டாய். போனில் பாதி காதில் விழவில்லை, எழுதிவிடுகிறேன்.

வீட்டுப் பக்கத்திலேயே பெடோக் நீர்த்தேக்கம் இருக்கிறதே என்பாய். வேண்டாம். அது மணல் தோண்டிய பள்ளம், 1986-ல் நீர்த்தேக்கமானது. ஆழத்தில் மீன் எங்கே கிடக்கிறதென்று பிடிபடாது. போன மாதம் மூன்று காலை போய் வெறுங்கையோடு வந்தேன். போதாததற்கு முதுகுக்குப் பின்னால் ஓடுகிறவர்கள். தூண்டிலை வீசுவதற்குள் நாலு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும். நாம் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்துக்குப் போவோம். அனுமதித்த இடத்துக்குப் பலகை இருக்கும், அதைத் தாண்டவேண்டாம்.

மண்புழு, மாவு உருண்டை எதுவும் ஆகாது. குடிக்கிற தண்ணீர், செயற்கை இரை மட்டும்தான். அதனால் காலடியிலேயே ஜிலேபிக் கெண்டை கூட்டமாக மேயும், நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. இதை இப்போதே அவனிடம் சொல்லிவை, அங்கே வந்து அழப்போகிறான்.

நமக்கு வாய்ப்பென்றால் பீகாக் பாஸ். தென்னமெரிக்க மீன், யாரோ கொண்டுவந்து விட்டு இங்கே பெருகிவிட்டது. வால் அடியில் பொன்வளையம் போட்ட கருப்புப் பொட்டு, மயில் தோகைக் கண் மாதிரியே இருக்கும். கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன் அது. டிசம்பரோ மழைக்காலம், நல்ல மழை கொட்டித் தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டால் அன்றைக்குக் கிளம்புவது வீண். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் காலை ஏழு மணிக்கே போய்விடலாம். இரண்டு வார லீவில் அப்படி நாலு காலை கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

தோமானும் உண்டு. நம்மூர் விராலுக்குப் பெரியப்பா முறை. காற்றுக் குடிக்க மேலே வந்து ‘பொளக்’கென்று ஒரு சத்தம் போடும், வளையம் விரியும் இடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். பல் பொல்லாதது, தூண்டில் நுனி நரம்பைத் தடிமனாகக் கட்டவேண்டும். சில சமயம் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் மேலே கொதிக்கும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே வீசினால் ஆத்திரத்தில் பாய்ந்து கடிக்கும், நிச்சயமாக மாட்டும். பலர் செய்கிறார்கள். நான் செய்வதில்லை, அவனையும் செய்யவிடமாட்டேன்.

பிடித்ததை விட்டுவிடுவேன் என்பதால் தூண்டில் முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கி வைத்திருக்கிறேன். பாதி மீன் கைக்கு வருமுன் நழுவும், போகட்டும்.

அம்மாவிடம் மட்டும் மீனோடு வருவோம் என்று அவனைச் சொல்லவிடாதே. காலையிலேயே புளி ஊறப்போட்டுவிடுவாள். அப்புறம் நான்தான் தேக்கா சந்தைக்கு ஓடி விரால் வாங்கணும்.

அப்பா