பழைய இரும்புக்குக் கொடுக்க முதல்: வன்னிக் கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியிலுள்ள கமக்காரர் அமைப்புகளின் தலைவர்மாருக்கும் செயலாளர்மாருக்கும் அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம்.

நான் விசுவமடுவில் உழவு மிசின் திருத்துகிறவன். போன சிறுபோக வெட்டு முடிந்த கையோடு பழைய இரும்பு வாங்குகிற லொறி ஒன்று என் பட்டறை வாசலில் நின்றது. கட்டில் சட்டமும் ஓட்டைத் தகரமும் சைக்கிள் றிம்முமாக நிறைந்திருந்த அந்தப் பெட்டிக்குள் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின் ஒன்று சரிந்து கிடந்தது. ஏறிப் பார்த்தேன். எஞ்சினின் வார்ப்பு உடலான பிளொக்கில் வெடிப்பு இல்லை. கிராங்கைக் கையால் திருப்பினேன், சுத்தியது. பிஸ்ரன் ஓடுகிற உறையான லைனரும், பிஸ்ரனின் றிங்கும் மாற்றினால் இன்னும் பத்துப் போகம் உழக்கூடிய எஞ்சின். அதைக் கிலோக் கணக்கில் நிறுத்து விற்றிருந்தார்கள். விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் காசு தேவைப்பட்டிருக்கும். ஆனால் தான் விற்றது என்னவென்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இங்கிலாந்தில் பீற்றர்பரோ என்றொரு ஊர், பேர்க்கின்ஸ் எஞ்சின் பிறந்த இடம். அங்கே பிராங்க் பேர்க்கின்ஸின் குடும்பத்துக்கு றோட்டு உருளை செய்கிற கொம்பனி ஒன்று இருந்தது. அது வேறு பல கொம்பனிகளோடு ஒரு பெரிய கூட்டுக்குள் சேர்ந்தது. அந்தக் கூட்டு 1932இல் முறிந்து விழுந்தது. உலகம் முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த காலம் அது. அதே ஆண்டு ஆனி 7ஆம் திகதி, பிராங்க் பேர்க்கின்ஸும் சாள்ஸ் சப்மன் என்ற பொறியியலாளரும் சேர்ந்து அந்த ஊரின் குயின் வீதியில் புதுக் கொம்பனி தொடங்கினார்கள். அதுவரை டீசல் எஞ்சின் என்றால் பாரமானது, ஆறுதலாகச் சுத்துவது. ஆலைக்கும் கப்பலுக்கும்தான் பொருத்தம் என்று பேச்சு. சப்மன் அதைச் சின்னதாக்கி, வேகமாகச் சுத்த வைத்து, பெற்றோல் எஞ்சின் இருந்த இடத்திலேயே தூக்கிப் பூட்டலாம் என்று நம்பினார். முதல் எஞ்சினுக்குப் பெண் நரி என்று பொருள்படும் விக்சன் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஓநாய், சிறுத்தை என்று மிருகங்களின் பெயரிலேயே போனார்கள். 1935இல் புறூக்லாண்ட்ஸ் ஓட்டப் பாதையில் டீசலுக்கான ஆறு உலக வேகச் சாதனைகளைப் பிடித்தார்கள். 1937இல் வந்த ஆறு சிலிண்டர் பி-6 தான் கொம்பனியைத் தூக்கி நிறுத்தியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், கடலில் விழுந்த விமானிகளைத் தேடிப் போன படகுகளிலும் அவர்களுடைய எஞ்சின் ஓடியது. 1947இல் ஈஸ்ற்பீல்ட் என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலைக்கு மாறினார்கள்.

இதிலே என் மனதைத் தொட்ட விசயம் ஒன்று உண்டு. இவர்கள் வண்டி செய்யவில்லை. எஞ்சின் மட்டும்தான் செய்தார்கள். ஆருடைய லொறி, ஆருடைய படகு, ஆருடைய உழவு மிசின் என்றாலும் அதற்குள் போய் இருக்கக்கூடிய மாதிரிச் செய்தார்கள். அதனால்தான் அந்த எஞ்சின் எங்கள் வயல்வரைக்கும் வந்தது.

வந்த வழியைச் சொல்கிறேன். மசி பேர்குசன் 35 என்ற மிசினுக்கு முதலில் பூட்டிய டீசல் எஞ்சின் வேறொரு கொம்பனியின் நாலு சிலிண்டர். குளிரில் ஸ்ராட் எடுக்காமல் உயிரை வாங்கும் என்று அங்கத்தைய விவசாயிகள் சலித்துப் போனார்கள். 1959இல் மசி பேர்குசன் கொம்பனி பேர்க்கின்ஸையே விலைக்கு வாங்கி, அதன் மூன்று சிலிண்டரை எடுத்து 35க்குப் பூட்டியது. எங்கள் பெரியவர்கள் ‘மூண்டு சிலிண்டர்’ என்று மரியாதையோடு சொன்னது அதைத்தான். இரண்டரை லீற்றர். பிஸ்ரனின் அகலம் 91.4 மில்லிமீற்றர், அது ஏறி இறங்கும் தூரம் 127 மில்லிமீற்றர். அகலத்தைவிட ஓட்டம் இவ்வளவு நீளம் என்றபடியால்தான் இரணைமடுத் தண்ணி பாய்ந்த களிமண்ணுக்குள் இரும்புச் சில்லோடு இறங்கினாலும் வேகம் குறைந்த நேரத்திலும் இழுவை குறையாது. லைனர் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது. தேய்ந்தால் லைனர்தான் போகும், பிளொக் நிற்கும். அந்த லொறியில் கிடந்ததைப் பார்த்து நான் ஏன் துடித்தேன் என்று இப்போது விளங்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம் சென்னை செம்பியத்தில் சிம்சன் கொம்பனி 1950களிலேயே பேர்க்கின்ஸ் எஞ்சினை உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியது. 1960இல் டாபே கொம்பனி மசி பேர்குசன் மிசின் செய்ய அங்கேயே உருவானது. என் பட்டறைக்கு வருகிற றிங்கும் காஸ்கற்றும் பெரும்பாலும் சென்னைச் சாமான். பீற்றர்பரோவில் வரைந்த எஞ்சினுக்கு எங்கள் மொழி பேசுகிற கைகளும் உதிரிப்பாகம் வார்த்திருக்கின்றன என்று நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கும். பேர்க்கின்ஸை 1998இல் அமெரிக்காவின் கற்றபில்லர் 132.5 கோடி டொலருக்கு வாங்கியது. இன்றைக்கும் பீற்றர்பரோவில் எஞ்சின் செய்கிறார்கள்.

இனி எங்கள் பக்கம். அப்பா படித்த வாலிபர் திட்டத்தில் விசுவமடுவில் காணி எடுத்து வந்தவர். 1970களில் அரசாங்கம் இறக்குமதியை மறித்தபோது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. அந்தக் காசில் பாவித்த மசி 35 ஒன்று வாங்கினார். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. டீசல் இல்லை. மண்ணெண்ணெயோடு எண்ணெய் கலந்து ஓடினோம். எஞ்சினுக்கு டீசல் அடிக்கிற பம்முக்குத் தனி ஒயில் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசல்தான் அதற்கு மசகு. மண்ணெண்ணெய் மெல்லியது, அப்படியே ஊற்றினால் பம் தேய்ந்துவிடும். இது எந்தப் புத்தகத்திலும் வாசித்து அறிந்ததில்லை. இரண்டு பம்மைத் தேய்த்துப் பழுதாக்கிய பிறகு வன்னி மெக்கானிக்மார் கண்டுபிடித்தது. எவ்வளவு எண்ணெய் கலக்க வேண்டும் என்று அப்பா விரலில் தொட்டு, இரண்டு விரலையும் உரசிப் பார்த்துத்தான் சொல்வார்.

2009 தை மாதம் அந்த மிசினிலேதான் நாங்கள் வெளிக்கிட்டோம். பெட்டியில் நெல்மூட்டை, கூரைத்தகரம், அம்மம்மா, அக்காவின் பிள்ளைகள். உடையார்கட்டு தாண்டித் தேவிபுரம் பக்கம், இரவு, டீசல் முடிந்து எஞ்சின் நின்றது. ஆரோ ஒருவர் ஒரு போத்தல் தந்தார். ஆனால் தாங்கி வற்றிய எஞ்சினுக்கு டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, குழாய்க்குள் காத்துப் பிடித்திருக்கும். அப்பா ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு பில்ரரின் மேல் ஆணியைத் தளர்த்தினார். என்னைக் கைப்பம் அடிக்கச் சொன்னார். முதலில் நுரை வந்தது. பிறகு முட்டை முட்டையாகக் காத்து. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நுரையில்லாத டீசல் ஆணியடியில் வழிந்தது. அப்பா கையால் தடவிப் பார்த்து ஆணியை இறுக்கினார். பிறகு பம்மிலும் நொசில் குழாய்களிலும் அதே வேலை. பின்னால் வரிசையாக எத்தனை மிசின் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவரும் ஹோன் அடிக்கவில்லை. எல்லாருக்கும் அந்த வேலை தெரியும்.

முள்ளிவாய்க்காலில் மிசினை விட்டுவிட்டுத்தான் நடந்தோம். பிறகு திரும்பி வந்து தேடியபோது பெட்டியின் சட்டமும் பின் அச்சும் கிடந்தன. எஞ்சின் இல்லை.

தலைவர்மாரே, இப்போது புது மிசின்கள் வருகின்றன, வரட்டும். கமம் செய்கிறவனுக்குக் கடன் அடைக்கக்கூடிய மிசின்தான் நல்ல மிசின். நான் பழையதைக் கட்டிப்பிடிக்கச் சொல்லவில்லை. காலபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் பசளையும் பேசி முடித்த பிறகு ஒரு கால்மணித்தியாலம் இந்த விசயத்துக்குத் தாருங்கள். உங்கள் கிராமத்தில் எத்தனை மூண்டு சிலிண்டர் கிடக்கிறது என்று எழுதுங்கள். பிளொக்கில் அடித்திருக்கும் இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் கழுவினால் தெரியும். 1974க்குப் பிறகு செய்த எஞ்சினென்றால் கடைசி எழுத்து அது செய்த ஆண்டைச் சொல்லும், நடுவில் ‘யூ’ என்ற எழுத்து இருந்தால் பிரித்தானியாவில் செய்தது. ஓடக்கூடியதை இரும்புக்குக் கொடுக்காமல், தேவையான இன்னொருவருக்கு அமைப்பே கைமாற்றிக் கொடுக்கலாம். ஓடாத ஒன்றைக் கமநல சேவை நிலையத்திலோ பள்ளிக்கூடத் தொழில்நுட்ப வகுப்பிலோ வைக்கலாம். அதைப் பிள்ளைகள் பார்க்கும்படி வெட்டித் திறந்து தருகிறேன். கூலி வேண்டாம்.

முக்கியமானது இன்னொன்று. இந்த எஞ்சினைக் காதால் கேட்டே எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர், இருவர்தான் மிச்சம். எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். அவர்களைக் கூப்பிட்டு மேடையில் சால்வை போர்த்துவதோடு நிறுத்தாமல், பக்கத்தில் இரண்டு பெடியளை இருத்துங்கள். பிள்ளைகள் கையில் இருக்கிற ரெலிபோனில் சத்தத்தோடு வீடியோவாகப் பிடித்தாலும் போதும்.

அப்பாவின் எஞ்சின் இலக்கம் அவருடைய பழைய கொப்பியில் இருந்தது. அந்தக் கொப்பியை அம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்தபடியால் தப்பியது. 152இல் தொடங்கி 7இல் முடியும் இலக்கம். நீங்கள் எழுதும்போது அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விசுவமடுச் சந்தியில் விசாரியுங்கள், என் பட்டறையைக் காட்டுவார்கள். எஞ்சினைத் திருப்பிக் கேட்கமாட்டேன். எந்த வயலில் உழுகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விசுவமடு உழவு மிசின் திருத்துநர் ஒருவர்