முகத்தில் கை வைக்காதீர்கள்: சின்ன கேமரா தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் சின்ன டிஜிட்டல் கேமராக்களைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்பவர்களுக்கும் வணக்கம்.

கேட்காமலேயே கேமரா முகத்தைத் திருத்திவிடுகிறது என்று உங்களில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு நான் எழுதிய புகாருக்குப் பதில் வந்தது. "தாங்கள் குறிப்பிடுவது குறைபாடு அல்ல, அது கேமராவின் சிறப்பம்சம்" என்று இரண்டே வரி. அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். புது மாடலில் அதே அம்சம் இன்னும் மேம்பட்டிருப்பதாகவும் அதை வாங்கிப் பார்க்கும்படியும் கீழே ஒரு விளம்பரத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. அது ஒரு கம்பெனியோடு நிற்கிற சங்கதியும் இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். முகத்தை வெளுப்பாக்கி வழுவழுப்பாக்கும் பியூட்டி மோடு, பெட்டியைப் பிரிக்கும்போது ஆஃப் ஆகியிருக்க வேண்டும். வேண்டும் என்பவர்கள் ஆன் செய்துகொள்ளட்டும். அப்படி ஆன் செய்தாலும் திருத்தாத படம் ஒன்று மெமரி கார்டில் தனியாகச் சேமிக்கப்பட வேண்டும்.

கேமரா மொத்தமும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. போட்டோ எடுப்பதைத் தொழிலாக வைத்திராத, கல்யாணம், கோயில் கொடை, திருவிழா என்றால் மட்டும் கேமராவைத் தேடுகிற என்னைப் போன்ற ஆளுக்கு அதில் நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. முதலில் ஜூம். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். போனில் ஜூம் செய்தால் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்கித்தான் காட்டும். நாரை ஒரு வெள்ளைக் கறையாகத்தான் தெரியும். உங்கள் கேமராவில் லென்ஸே நகர்கிறது. குஞ்சுக்கு இரை ஊட்டும்போது தாய்ப் பறவையின் மூக்கு எவ்வளவு விரிகிறது என்பதுவரை தெரிந்தது. அதற்கு நன்றி. முன்பக்கத் திரையும் நல்ல யோசனை. சித்தி பிள்ளைகள் தங்களையே பார்த்துக்கொண்டு நிற்பதால் யாரும் படத்துக்கு வெளியே போவதில்லை. வைஃபை வழியாக நேரே போனுக்குப் படம் அனுப்ப முடிகிறது. ஊரில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்கிறது.

சிரித்தால் தானே படம் எடுக்கும் வசதி எங்களுக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. 2007 முதல் கடைகளில் இருக்கிற சரக்குதான். பல் தெரிந்தால்தான் அதற்குச் சிரிப்பு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கேமராவைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தி, வாயை மூடி, நேராக நிற்பார்கள். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேர் வடத்தைத் தொட்டுவிட்டு வந்த மாமா, வேர்வையும் திருநீறுமாக ரத வீதியில் நின்றார். கேமரா அவர் சிரிப்பதற்காகக் காத்துக்கொண்டே இருந்தது. அவரோ படம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்துப் போய்விட்டார். சரி, அதை ஆஃப் செய்ய ஒரு பட்டன் வெளியிலேயே இருக்கிறது. வைத்தவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். பியூட்டி மோடுக்கு மட்டும் ஏன் அந்த யோசனை இல்லை?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். அம்மன் கோயில் கொடையில் மதியக் கொடை முடிந்து, பொங்கப்பானை எல்லாம் இறக்கியான பிறகு, என் ஆச்சி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் மஞ்சணைப் பூச்சு, காதில் பாம்படம், மடியில் பேத்தியின் பிள்ளை. நல்ல வெளிச்சம். சில படங்கள் எடுத்தேன். கேமராவின் பின்னால் இருக்கிற சின்னத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தன. அந்த வருஷம் கார்த்திகையில் ஆச்சி தவறிவிட்டாள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் படம் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று கார்டை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஸ்டுடியோக்காரர், "அண்ணாச்சி, இதுல ஏற்கெனவே டச்சப் பண்ணியிருக்கு. ஒரிஜினல் இருந்தா கொண்டாங்க" என்றார். இதுதான் ஒரிஜினல் என்றேன். அவர் நம்பவில்லை.

என் ஆச்சிக்குச் சின்ன வயதில் பெரியம்மை வார்த்திருந்தது. கன்னம் முழுக்கக் குழி குழியாகத் தழும்பு. அந்தத் தழும்பு ஒன்றுகூடப் படத்தில் இல்லை. நாடியில் அந்தக் காலத்தில் குத்திய பச்சைப் பொட்டு ஒன்று உண்டு. அதையும் கரும்புள்ளி என்று நினைத்துக் கேமரா துடைத்திருந்தது. மஞ்சணை, எலுமிச்சம்பழச் சாற்றில் கழுவியதுபோல வெளுத்திருந்தது. கறுத்த முகம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. பாம்படமும் சேலையும் அவளுடையவை, முகம் மட்டும் யாருடையதோ. ஆச்சியின் தங்கச்சி, எங்கள் சின்ன ஆச்சி, பிரிண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எய்யா, இது ஆரு? எங்கக்கா மூஞ்சில அம்மத் தழும்புலா கெடக்கும்?" என்று கேட்டாள். துஷ்டி வீட்டில் அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம். கலங்கல் படம், கண் பாதி மூடியிருக்கிறது. ஆனாலும் அது ஆச்சி.

இது எப்படி நடக்கிறது என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேமரா முதலில் முகத்தைக் கண்டுபிடிக்கிறது. அதற்குள் தோல் நிறமுள்ள இடங்களைப் பிரிக்கிறது. அங்கே இருக்கிற நுண்ணிய மேடுபள்ளங்களைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து தேய்க்கிறது, வெளிச்சத்தைக் கூட்டுகிறது. பிறகு அதை ஜேபெக் ஆக்கிக் கார்டில் எழுதிவிட்டு, வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார் உண்மையில் பார்த்ததைத் தூக்கி எறிந்துவிடுகிறது. பெரிய கேமராக்களில் ரா என்று திருத்தாத கோப்பைச் சேமிக்கலாம். எங்களுக்கு விற்கும் சின்ன கேமராக்களில் பெரும்பாலும் அந்த வழி கிடையாது. தேய்த்துப் போன தழும்பை இனி எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. என் புகாரின் மையமே இதுதான். உங்கள் பதிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த கேமராக்களின் சென்சார் அகலம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர், உயரம் நாலரை மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் கேமராவின் சென்சார் பரப்பளவில் இது கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு. சாமக் கொடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் சாமியாடியைப் படம் எடுத்தால் புள்ளி புள்ளியாக வரும், அந்தப் புள்ளிகளை அழிக்கப்போய் முகமும் கொஞ்சம் மழுங்கும். அதை நான் குறை சொல்லவில்லை. சின்ன கேமராவால் அவ்வளவுதான் முடியும், அந்த விலைக்கு அது நியாயம். ஆனால் வேப்பமரத்தடியில், பட்டப்பகலில், எல்லா விவரமும் சென்சாரில் விழுந்த பிறகு அதை அழிப்பதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை. அப்படி வைக்கலாம் என்று எங்கோ ஒருவர் முடிவெடுத்ததால் நடக்கிறது.

கறுப்பு முகத்தோடு கேமராத் தொழிலுக்கு இருக்கிற சிக்கல் இன்று நேற்று வந்ததில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். பிலிம் காலத்தில் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டைகளில் பல பத்தாண்டுகளுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் உலகமே சரி என்று வைத்துக்கொண்டார்கள். மர நாற்காலி செய்தவர்களும் சாக்லேட் விற்றவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று சண்டை போட்டார்கள். பழுப்பு நிறத்தில் கவனம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கறுப்பு மனிதர்கள் கேட்டபோது அசையாதது, நாற்காலிக்காக அசைந்தது. பல நிறத்துப் பெண்கள் ஒன்றாக இருக்கும் அட்டை வந்தது 1990-களில்தான்.

எங்கள் நாடும் இதில் சுத்தமில்லை. வெள்ளையாக்கும் கிரீமை வீடு வீடாக வாங்கினோம். அதன் பெயரிலிருந்து வெள்ளை என்கிற அர்த்தத்தை எடுக்க 2020 வரை ஆனது. பெண் பார்க்கப் படம் அனுப்பும்போது "கொஞ்சம் கலராக் காட்டுங்க" என்று கேட்கிற வீடுகள் திருநெல்வேலியில் இன்றும் இருக்கின்றன. ஆனால் பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் ஒரு முறை இருந்தது. நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்கிறவர்கூட, முதலில் "மச்சத்தை எடுக்கவா, இருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். இருக்கட்டும் என்றால் விட்டுவிடுவார். உங்கள் கேமரா கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை, படத்தில் இருந்தவளிடமும் கேட்கவில்லை. மெனுவில் இரண்டு மூன்று அடுக்குக்குக் கீழே, ஆங்கிலத்தில், ஆன் ஆன நிலையில் உட்கார்ந்திருந்தது.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. 2020 அக்டோபரில் கூகுள், தன் பிக்சல் போன்களில் முகத்தைத் திருத்தும் வசதியை இயல்பாக ஆஃப் செய்து வைக்கப் போவதாக அறிவித்தது. அடுத்த வருஷம் வந்த பிக்சல் 6-இல் கறுத்த தோலை அதன் நிறத்திலேயே காட்டுவதற்குத் தனியாக வேலை செய்தார்கள். ஒரு போன் கம்பெனிக்கு முடிந்தது, படம் எடுப்பதை மட்டுமே பிழைப்பாகக் கொண்ட உங்களுக்கு முடியாதா?

வியாபாரக் கணக்கையும் பாருங்கள். கேமரா தயாரிப்பாளர்களுக்கான உங்கள் ஜப்பானியச் சங்கத்தின் (சிபா) கணக்குப்படியே 2010-இல் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்குப் போயின. 2023-இல் அது 1 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. போன் வந்து சின்ன கேமராவைத்தான் முதலில் தின்றது. இப்போது இளம்பிள்ளைகள் மறுபடியும் சின்ன கேமராவைத் தேடி வருகிறார்கள். போன் படம் எல்லாம் ஒரே மாதிரி மெழுகி வருகிறது, கேமரா படம் நிஜமாக இருக்கிறது என்று என் தங்கை மகளே சொல்கிறாள். அந்த நம்பிக்கையோடு காசு கொடுப்பவர்களுக்கு நீங்களும் மெழுகித்தான் கொடுப்பீர்கள் என்றால், அவள் எதற்காகத் தனியாக ஒரு கேமரா வாங்க வேண்டும்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மரியாதையோடுதான் கேட்கிறேன்.

இனி விற்கும் எந்தச் சின்ன கேமராவிலும் பியூட்டி மோடு ஆஃப் நிலையில் வரட்டும். முதல் தடவை கேமராவை ஆன் செய்யும்போது தேதியும் நேரமும் கேட்கிறீர்கள். அதே இடத்தில், தமிழ் உட்பட வாங்குபவருக்குப் புரியும் மொழியில், "முகத்தைத் திருத்தவா, வேண்டாமா?" என்று கேட்டுவிடுங்கள். திருத்தினால் திருத்தாததும் கார்டில் இருக்கட்டும். 64 ஜிபி கார்டு இருக்கிற காலத்தில் ஒரு படத்துக்கு இன்னும் சில எம்பி போவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஏற்கெனவே விற்றுவிட்ட மாடல்களுக்கு, கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கும் ஃபர்ம்வேர் அப்டேட் கொடுங்கள். அதை சர்வீஸ் சென்டரிலேயே இலவசமாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள், எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை.

அப்புறம், கேமராவை விற்பனைக்கு விடும் முன் ஒரு தடவை தென் தமிழ்நாட்டு வெயிலில், எங்கள் முகங்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். வெள்ளை வேட்டி, கறுத்த தோல், நெற்றியில் திருநீறு, உச்சி வெயில். இந்த நான்கும் ஒரே படத்தில் வரும்போது உங்கள் ஆட்டோ மோடு தடுமாறுகிறது. வேட்டியைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது, முகம் இருட்டில் போகிறது. முகத்தைப் பார்த்துக் கூட்டினால் வேட்டியும் திருநீறும் வெளிறிப் போகின்றன. ஊருக்கு வருவதானால் ஆட்களைச் சேர்த்துத் தருவது என் பொறுப்பு. சின்ன ஆச்சியும் வந்து உட்காருவாள், கேட்டுவிட்டேன்.

சிறப்பம்சம் என்ற இரண்டு வரிப் பதில் இனி வேண்டாம். எந்த மாடலில், எந்த மாதத்திலிருந்து இதை ஆஃப் செய்து அனுப்புவீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கேமராவைக் காசு கொடுத்து வாங்கிய
திருநெல்வேலி மாவட்டத்து வாடிக்கையாளர் ஒருவர்