ஊரான் வீட்டு நெய்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவைச் சிகிச்சை முடிந்து, இன்றுதான் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். மருமகனுக்கு அந்தப் புதிய தொழிற்சாலையில் வேலை கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. "பத்தாண்டு வரிவிலக்கு கொடுக்காமல் இருந்தால் இந்த வேலை வந்திருக்குமா?" என்று கூடவே ஒரு கொக்கியும் போட்டிருக்கிறாய். வந்திருக்கலாம் என்பதே என் சந்தேகம். மின்சாரம், துறைமுகம், தேர்ந்த தொழிலாளர்கள் என்று எல்லாம் பார்த்து இடத்தை முடிவு செய்துவிட்டு, சலுகையைக் கடைசியில் பேரம் பேசி வாங்கும் நிறுவனங்கள் உண்டு. உண்மையில் எது தேவைப்பட்டது என்று வெளியாளுக்குத் தெரியாது. அந்த இருட்டில்தான் பேரமே நடக்கிறது.

காலமெல்லாம் கணக்கெழுதிய எனக்கு உறுத்துவது இன்னொன்று. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் தொழிற்சாலைகளுக்குச் சொத்துவரி விலக்கு 1930களிலிருந்தே உண்டு. விலக்கு அளித்தது மாநில வாரியம். அதனால் கைவிட்டுப்போன வரியோ உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் காவலுக்கும் சாலைகளுக்கும் சேர வேண்டியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! 2016இல்தான் ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் உள்ளூர் அமைப்புகளின் சம்மதமும் வேண்டும் என்று மாற்றினார். 2019 ஜனவரியில் பேட்டன் ரூஜ் பகுதிப் பள்ளி வாரியம், எக்ஸான் மோபில் என்ற எண்ணெய் நிறுவனம் கேட்ட விலக்கை மறுத்துவிட்டது. சொந்தப் பணம் என்றதும் கை எப்படிச் சுருங்குகிறது பார்.

அதே நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தின் கதை இன்னும் வேடிக்கை. 2017இல் ஃபாக்ஸ்கான் என்ற மின்னணுப் பொருள் நிறுவனம் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்றது. மாநிலம் ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகை தருவதாகச் சொன்னது. 2021இல் திருத்திய ஒப்பந்தத்தில் வேலை 1,454 ஆகவும், சலுகை 8 கோடி டாலராகவும் இறங்கின. வேலை கொடுத்தால்தான் சலுகை என்ற நிபந்தனை இருந்ததால் மாநிலம் பெருமளவு தப்பியது. மவுன்ட் பிளசன்ட் என்ற சிற்றூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடன் வாங்கி நிலம் எடுத்து, குடியிருந்தவர்களைக் கிளப்பி, சாலையும் தண்ணீர்க் குழாயும் முன்கூட்டியே போட்டுவிட்டது. பிறகு மைக்ரோசாஃப்ட் அங்கே தரவு மையம் கட்ட வந்தது ஊரின் அதிர்ஷ்டம். ஒப்பந்தம் எழுதியவர்களின் சாமர்த்தியம் அல்ல.

மருமகனின் சம்பளம் ஊருக்குள்தான் புழங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் வேலைக்காகக் குடிவரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டுமே? தொழிற்சாலை செலுத்தாத பத்தாண்டு வரியை உன்னைப் போன்ற வீட்டுக்காரர்கள்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

எனக்காக ஒன்று விசாரி. ஒப்பந்தத்தில் இத்தனை வேலை என்று எண் போட்டிருக்கிறதா? ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் சேர்த்தியா? எண்ணிக்கை குறைந்தால் சலுகையைத் திரும்பப் பெற ஷரத்து உண்டா? மருமகனிடம் கேட்காதே, புதிதாகச் சேர்ந்தவர், சங்கடப்படுவார். நகராட்சியில் கேள். அப்படியே முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் எழுது, போன முறை அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய்.

உன்,
சேது