பச்சை விளக்கை நம்பாதே

அன்புள்ள சேகர்,

பதில் போடாததற்கு நீ திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லோரும் நலம். பாலு அண்ணன் அந்த ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை. பந்தயத்தில் தோற்றது நீதான், பணத்தை அனுப்பு.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் பால் குளிரூட்டும் நிலையம். போன வார மழையில், வேளச்சேரியில் நாங்கள் கண்காணிக்கும் அடுக்ககம் ஒன்றில் நள்ளிரவில் திரை முழுக்கச் சிவப்பு. கேமராக்கள், வாசல் கதவு, அடித்தளத்துப் பம்ப் அறையின் நீர்மட்ட சென்சார் என எதற்குமே தொடர்பு இல்லை. இரவுப் பணிப் பையனின் கைபேசி ஓயாமல் அலறியது. உண்மையில் நின்றுபோனது ஒன்றுதான்: படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச், அதாவது கருவிகளையெல்லாம் நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. மற்றவை எல்லாம் அதன் வழியாகத்தான் பேச வேண்டும்.

மின்சாரம் வந்ததும் எல்லாம் பச்சையாயிற்று. பையன் மூச்சு விட்டான். சென்சாரும் பச்சைதான். ஆனால் அது காட்டிக்கொண்டிருந்தது மாலை ஏழு மணி அளவை! லிஃப்ட் குழியில் தண்ணீர் ஏறுவதைக் காவலாளி டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

கருவியை விற்றவர்களிடம் கேட்டால், "பிங் போகிறதே சார், கருவி நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை. பிங் என்பது 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் போல ஒரு சிறு தரவுப் பொட்டலத்தை அனுப்பி, எதிரொலி திரும்புகிறதா என்று பார்க்கும். அருமையான வேலை, ஆனால் அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே அளவெடுக்கும் நிரல் உறைந்து கிடந்தாலும் நெட்வொர்க் பகுதி பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். கதவைத் தட்டினால் வாட்ச்மேன் குரல் கொடுக்கிறார் என்பதற்காக வீட்டுக்காரர் நலம் என்று முடிவு கட்டலாமா?

மறுபக்கமும் உண்டு. ஒரு பதில் தவறினாலே அலாரம் அடித்தால் ஆட்கள் அலாரத்தை அணைத்துவிடுவார்கள். நாகியோஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்கள் அடுத்தடுத்துச் சில முறை கேட்டுப் பார்த்த பிறகே முடிவு சொல்லும். எந்தக் கருவி எந்த ஸ்விட்சுக்குப் பின்னால் இருக்கிறது என்று எழுதிவைத்தால், நின்றுபோனதையும் எட்ட முடியாததையும் பிரித்துக் காட்டும். இந்த வரைபடத்தைப் போடத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் கேட்டேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பல பகுதிகளில் கைபேசித் தொடர்பே அறுந்து போனது, நீயும் நானும் அப்பாவைத் தேடி அலைந்தது நினைவிருக்கும். இந்த அடுக்ககத்தின் தரைத்தளத்திலும் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார். அதனால்தான் இதை விட முடியவில்லை.

உன் திரையில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் அது எடுக்கப்பட்ட நேரம் தெரிகிறதா? தெரியாவிட்டால் முதலில் அதைப் போடச் சொல். கடைசி அளவு வந்து பத்து நிமிடம் கடந்துவிட்டால் எச்சரிக்கை வரவேண்டும், பிங் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. கண்காணிக்கும் கணினியே நின்றால் சொல்ல வெளியே வேறொன்று வேண்டும். உன் நிலையத்துக் கணினி அங்கேயே இருப்பதால் மின்சாரம் போனால் சென்சாரும் கணினியும் சேர்ந்தே போகும்.

ஞாயிற்றுக்கிழமை பால் இறக்கியதும், யாரிடமும் சொல்லாமல் சென்சார் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார். உன் கைபேசிக்குச் செய்தி வரவில்லையென்றால் உடனே கூப்பிடு, ஈரோட்டுக்கு ராத்திரி பஸ் ஏறிவிடுகிறேன்.

அன்புடன்,
ரகு